காரோடு கடல் கடக்கிறீர்களா? திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் பாருங்கள்

லண்டனில் இருந்து பாரிசுக்கும் ஜெர்மனிக்கும் காரில் போய்வருகிறவர்கள் எங்கள் ஆட்களில் எக்கச்சக்கம். கல்யாணம், சாமத்தியவீடு, ஜெர்மனியின் ஹாம் காமாட்சி அம்பாள் கோயில் தேர், பாரிஸ் லா சப்பல் பிள்ளையார் தேர் என்று வருடத்துக்கு இரண்டு தரமாவது டோவர் துறைமுகத்திலோ, காரை ஏற்றிப்போகும் சுரங்க ரயில் புறப்படும் ஃபோக்ஸ்டனிலோ வரிசையில் நிற்கிறோம். ஆனால் டிக்கெட் போடும்போது முக்கால்வாசிப்பேர் போகிற நாளையும் நேரத்தையும் அரை மணித்தியாலம் இருந்து யோசித்துவிட்டு, திரும்பி வருவதற்கு மட்டும் "சரி, ஞாயிறு பின்னேரம்" என்று எதையோ அழுத்திவிடுகிறார்கள். காசு போவது அங்கேதான்.

போகிற பயணத்துக்கும் வருகிற பயணத்துக்கும் விலை தனித்தனியாகத்தான் ஏறி இறங்குகிறது. கப்பலில் கார் நிற்கும் இடம் நிரம்ப நிரம்ப விலை ஏறும். ஜூலைக் கடைசியில் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கிலாந்தே பிரான்சுப் பக்கம் ஓடுகிறது, அதனால் டோவரில் இருந்து பிரான்சின் கலே துறைமுகம் போவது விலை. ஆகஸ்ட் கடைசியில் அதே கூட்டம் திரும்பி வருகிறது, அப்போது கலேயில் இருந்து டோவர் வருவது விலை. லா சப்பல் தேர் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்க ஞாயிறுகளில்தான் வரும், அது இங்கே வங்கி விடுமுறையோடு சேரும் வருடத்தில் தேர் முடிந்த கையோடு திரும்புகிறவர்தான் இருப்பதிலேயே கூடின விலை கொடுக்கிறவர். ஆகவே முதலில் திரும்பும் பயணத்தை எடுத்து, முன்பின் மூன்று நாட்களுக்கு விலைகளைப் பாருங்கள். செவ்வாய், புதன் மலிவாகவே இருக்கும், நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரைக்கும் புறப்படும் கப்பலும் ரயிலும் அதைவிட மலிவு. அந்த நாளை முடிவு செய்துகொண்டு பிறகு போகும் நாளைத் தெரிவு செய்யுங்கள், தலைகீழாக வேண்டாம்.

இதே கணக்கு அந்தப் பக்கம் இருந்து வருகிறவர்களுக்கு நல்லது செய்யும். பாரிசிலோ டுசல்டோர்ஃபிலோ இருக்கிற சித்தப்பா குடும்பம் ஜூலைக் கடைசியில் லண்டன் வந்து ஆகஸ்ட் நடுவில் திரும்பினால், அவர்கள் இரண்டு தரமும் பெருங்கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பயணம் செய்கிறார்கள். ஒரு கோடை விடுமுறையில் யார் யாரிடம் போவது என்று குடும்பத்துக்குள் கதைக்கும்போது இதையும் ஒரு கணக்காக எடுங்கள்.

அடுத்தது எத்தனை நாள் என்பது. சுரங்க ரயிலில், அதாவது 2023 முதல் லெ ஷட்டில் என்ற பெயரில் ஓடும் யூரோடனலில், இரண்டு நாளுக்குள் போய்த் திரும்புவதற்கு ஒரு விலை, ஐந்து நாளுக்குள் என்றால் ஒரு விலை, அதற்கு மேல் என்றால் வேறு விலை. கப்பல் கம்பனிகளிலும் குறைந்த நாள் தங்கி வருகிறவருக்கு மலிவு டிக்கெட் உண்டு. வெள்ளி போய்ச் செவ்வாய் வருவது ஐந்து நாளுக்குள் அடங்கும், அதையே வியாழன் போய்ச் செவ்வாய் என்று மாற்றினால் ஆறாவது நாளாகிவிடும், ஒரே ஒரு நாளுக்காக விலை எங்கேயோ போய்விடும். நாளை எண்ணும்போது திகதியை வைத்து எண்ணுகிறார்களா, மணித்தியாலத்தை வைத்து எண்ணுகிறார்களா என்று நிபந்தனையில் வடிவாகப் பார்த்துவிடுங்கள்.

இதில் நான் அடிபட்டிருக்கிறேன். ஜெர்மனியில் மச்சாளின் கல்யாணத்துக்கு ஐந்து நாள் டிக்கெட்டில் போனோம். நாலாம் சடங்குக்கும் நின்றுவிட்டுத்தான் போகவேண்டும் என்று மாமி கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல, மனைவியும் சரி என்றாள், நானும் "ஒரு நாள்தானே, துறைமுகத்தில் சொல்லி மாற்றலாம்" என்று இருந்துவிட்டேன். கலே கவுண்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை எழுதி கண்ணாடிக்குக் கீழால் தள்ளினாள். நாங்கள் போய்வரக் கொடுத்த மொத்தக் காசை விட அது கூட. பின் சீட்டில் மூன்று பிள்ளைகளும் நித்திரை, பின்னால் கார்கள் வரிசை, வேறு வழியில்லாமல் அட்டையை நீட்டினேன். மாற்ற வேண்டி வந்தால் துறைமுகம் வரும்வரை காத்திருக்காமல், மாமி கேட்ட அந்த நிமிடமே போனில் மாற்றுங்கள். விலை வித்தியாசமும் மாற்றுக் கட்டணமும் வரும்தான், ஆனால் மறுநாள் விடிய நாலு மணிக் கப்பல் போன்ற மலிவான ஒன்றைத் தேடிப் பிடிக்க உங்களுக்கு நேரம் இருக்கும்.

இன்னொரு யோசனை ஆட்களுக்குள் சுற்றுகிறது. ஒருவழி டிக்கெட்டை விட இரண்டு நாள் போய்வரும் டிக்கெட் மலிவாக இருந்தால் அதை வாங்கி, போவதற்கு மட்டும் பாவித்துவிட்டு, திரும்பும் பாதியை விட்டுவிடுவது. இதைச் செய்யாதீர்கள். திரும்பும் பயணத்தைப் பாவிக்காவிட்டால் முழு விலைக்கும் மிச்ச வித்தியாசத்தை உங்கள் அட்டையில் இருந்தே எடுப்போம் என்ற நிபந்தனையோடுதான் இப்படியான டிக்கெட்டுகள் வருகின்றன. அவர்கள் எடுத்தால் நீங்கள் வாதாட இடமில்லை.

அதற்குப் பதிலாக, இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து நாளுக்கு மேல் தங்குகிறீர்கள் என்றால் போய்வரும் டிக்கெட்டில் தனியாக லாபம் எதுவும் இல்லாமல் போகலாம், அப்போது ஒரே கம்பனியில் இரண்டு தரமும் போகவேண்டிய கட்டாயமும் இல்லை. டோவர் கலே இடையே பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், 2021 முதல் ஐரிஷ் ஃபெரீஸ் என்று மூன்று கம்பனிகள் ஓடுகின்றன, ஒன்றரை மணித்தியாலப் பயணம். போகும்போது ரயிலில் 35 நிமிடத்தில் போய், வரும்போது கப்பலில் வரலாம். ரயிலில் விலை காருக்குத்தான், ஒன்பது பேர் வரைக்கும் ஒரே விலை. அம்மம்மா, மாமா, பிள்ளைகள் என்று ஏழு பேர் பெரிய வண்டியில் அடைந்துகொண்டு போகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். கப்பலில் தலைகளையும் கேட்பார்கள், எத்தனை பேர் என்பதைச் சரியாகப் போட்ட பிறகுதான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். கூரையில் பெட்டி வைக்கிறீர்கள் என்றால் காரின் உயரத்தையும் முதலிலேயே உண்மையாகப் போடுங்கள், ரயிலில் 1.85 மீட்டர் என்பதுதான் எல்லை, அதைத் தாண்டினால் வேறு ரயில் பெட்டியில் ஏற்றுவார்கள். எல்பிஜி எரிவாயுவில் ஓடும் கார் என்றால் ரயிலை மறந்துவிடுங்கள், ஏற்றமாட்டார்கள்.

பாதையையும் கணக்குப் போட வேண்டும், டிக்கெட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பெல்ஜியம், ஜெர்மனிப் பக்கம் போகிறவர்கள் டோவரில் இருந்து போகும் டன்கர்க் கப்பலைப் பாருங்கள். பயணம் இரண்டு மணித்தியாலம், அரை மணித்தியாலம் கூட, ஆனால் இறங்குமிடம் கலேயை விட ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர் கிழக்கே, அந்தத் தூரத்துக்குப் பெற்றோல் மிச்சம். கலே போலத்தான் அங்கிருந்தும் பெல்ஜியம் வரைக்கும் வீதிச் சுங்கம் கட்டத் தேவையில்லை. பாரிஸ் போகிறவர்களுக்கு இங்கிலாந்தின் நியூஹேவனில் இருந்து பிரான்சின் தியெப் போகும் கப்பல் இருக்கிறது, நாலு மணித்தியாலம் கடலில், ஆனால் தியெப்பில் இருந்து பாரிஸ் கலேயில் இருந்து போவதை விட ஏறக்குறைய 100 கிலோமீட்டர் கிட்ட. தென்லண்டனில், குறொய்டன் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அந்தத் துறைமுகம் தூரமும் இல்லை.

ஹாம் தேருக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஹாரிச் துறைமுகம். கிழக்கு லண்டன், எசெக்ஸ் ஆட்களுக்கு அது கிட்ட. ஸ்டெனா லைன் கப்பல் இரவு ஏற்றி விடிய நெதர்லாந்தின் ஹூக் ஒஃப் ஹொலண்டில் இறக்கும். இரவுக் கப்பலில் அறை எடுத்தே ஆகவேண்டும், அதனால் விலையைப் பார்த்ததும் பயந்துபோய் மூடிவிடாதீர்கள். கலே வழியாகப் போவதை விட ஏறக்குறைய 200 கிலோமீட்டர் குறைவாக ஓடுகிறீர்கள், நடுவழியில் ஹோட்டல் எடுக்கிற பழக்கம் இருந்தால் அதுவும் இல்லை, நன்றாகப் படுத்து எழும்பி, முகம் கழுவி, கோயில் பூசைக்குப் போய்ச் சேரலாம். போகும்போது இதில் போய் வரும்போது டன்கர்க் வழியாக வருவது எங்கள் குடும்பத்துக்குச் சரிவந்த கலவை.

டெஸ்கோவில் சாமான் வாங்குகிறவர்கள் கிளப்கார்ட் புள்ளிகளுக்குக் கிடைக்கும் வவுச்சரைக் கடையில் உடைத்துவிடாதீர்கள். லெ ஷட்டில் டிக்கெட்டுக்கு மாற்றினால் இரண்டு மடங்கு பெறுமதி, பத்து பவுண்டு வவுச்சர் இருபது பவுண்டாகிறது. 2023 நடுப்பகுதி வரைக்கும் மூன்று மடங்காக இருந்தது, இப்போது குறைத்துவிட்டார்கள், ஆனாலும் பால் பாண் வாங்கி முடிப்பதை விட இது மேல்.

அப்புறம் சாப்பாடு. ஐந்து பேர் கப்பல் கன்டீனில் சாப்பிட்டால் டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அங்கேயே கரைந்துவிடும். கட்டிக்கொண்டு போவதுதான் சரி, ஆனால் மட்டன் ரோல்ஸ் வேண்டாம். பிரித்தானியாவில் இருந்து இறைச்சியோ பாலில் செய்ததோ ஐரோப்பாவுக்குள் கொண்டுபோக 2021 முதல் அனுமதி இல்லை, 2025 ஏப்ரலில் இருந்து அந்தப் பக்கம் வாங்கிய மாடு, ஆடு, பன்றி இறைச்சியும் சீசும் இங்கே கொண்டுவரவும் முடியாது. புளிச்சாதமும் கடலை வடையும் கட்டுங்கள், தேங்காய்ச் சம்பல் தனி டப்பாவில். இறங்குவதற்கு முன் சாப்பிட்டு முடிக்கிறதாக இருந்தால் மட்டும் ரோல்ஸ்.

விடியற்காலை டிக்கெட் போட்டவர்கள் கொஞ்சம் முன்கூட்டியே போய் நில்லுங்கள். கலேயில் கடவுச்சீட்டுச் சோதனைக்கே நேரம் போய்விடும், நேரம் தவறினால் அடுத்த கப்பலுக்கு மேலதிகக் காசு கேட்கலாம். ரயில் என்றால் முந்திப் போவதில் இன்னொரு நன்மையும் உண்டு: இடம் காலியாக இருந்தால் நுழைவாயிலில் இருக்கும் திரையே முந்தைய ரயிலைக் காட்டும். மேலதிகக் காசு எதுவும் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.