அங்கோர் கோயில்களை நண்பர்களோடு மூன்று நாளில் பார்ப்பது எப்படி?

கம்போடியாவின் சியம் ரீப் நகருக்குச் செல்லும் நண்பர் குழுக்களில் பெரும்பாலானவை முதல் நாள் விடியலிலேயே அங்கோர் வாட்டில் நிற்கின்றன. அதன் பிரம்மாண்டத்தைக் கண்டபின் மற்றக் கோயில்கள் கண்ணுக்குச் சிறுத்துத் தெரிகின்றன. கட்டப்பட்ட கால வரிசையிலேயே கோயில்களைப் பாருங்கள் என்பதுதான் எங்கள் குழு சென்றுவந்த பின் நான் உறுதியாகச் சொல்லும் பரிந்துரை.

முதற்படி: ஆவணங்கள்

மின்விசாவை கம்போடிய அரசின் தளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முன்னே வந்து நிற்கும். வருகைப் படிவத்தையும் பயணத்துக்கு முந்தைய ஏழு நாள்களுக்குள் இணையத்தில் கட்டணமின்றி நிரப்பிவிடலாம். 2023 அக்டோபரில் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருப்பதால், இரவில் இறங்குவோர் வண்டியை முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: அனுமதிச் சீட்டு

பல குழுக்களின் திட்டம் குலைவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 2017 முதல் ஒரு நாள் சீட்டுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர், ஏழு நாளுக்கு 72 டாலர் என்று கட்டணம் உள்ளது. மூன்று நாள் சீட்டை அடுத்தடுத்த நாள்களில்தான் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை. பத்து நாள்களுக்குள் ஏதேனும் மூன்று நாள்களில் பயன்படுத்தலாம் என்பதால், நடுவே ஒரு நாள் ஓய்வெடுக்கும் குழுவுக்கு இதுவே ஏற்றது. சீட்டில் உரியவரின் புகைப்படம் அச்சாகிறது. ஆகவே நண்பர்களில் ஒருவர் மட்டும் வரிசையில் நின்று எல்லாருக்கும் வாங்கிவர இயலாது. அனைவரும் நேரில் சென்று முகம் காட்ட வேண்டும், அல்லது ஒவ்வொருவரின் படத்தையும் ஏற்றி இணையத்தில் வாங்க வேண்டும். சீட்டு நிலையம் கோயில் வாயிலில் இல்லை, நகரத்தில் தனியாக உள்ளது. முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மேல் வாங்கினால், சீட்டு மறுநாளுக்கு உரியதாகப் பதிவாவதோடு, அன்றைய அந்திப் பொழுதைப் பார்க்கவும் உள்ளே விடுவார்கள். முக்கியக் கோயில்களில் சீட்டைச் சரிபார்ப்பதால், அதைக் கையோடு வைத்திருங்கள்.

மூன்றாம் படி: வண்டி

இருவர் மூவர் என்றால் ஆட்டோ போன்ற டுக்டுக் போதும். நால்வரும் அதற்கு மேலும் உள்ள குழு, குறிப்பாகத் தொலைவிலுள்ள பந்தேய் ஸ்ரே கோயிலுக்குச் செல்லும் நாளில், குளிரூட்டிய வேன் எடுப்பதே சிறப்பு. மூன்று நாளுக்கும் ஒரே ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோயில் வாயிலிலும் செயலியைத் திறந்து வண்டி தேடுவதைவிட இது எவ்வளவோ நிம்மதியானது.

நான்காம் படி: வரிசை

முதல் நாள் 9ஆம் நூற்றாண்டின் ரொலுவோஸ் பகுதிக் கோயில்களில் தொடங்குங்கள். கெமர் மன்னன் முதலாம் இந்திரவர்மன் 881இல் நிறுவிய பகோங், மலைபோல் அடுக்கடுக்காக உயரும் கோயில். பின்னாளில் அங்கோர் வாட்டில் முழுமை பெறும் அமைப்பின் தொடக்கத்தை அங்கே காணலாம். பிறகு 967இல் திருநிலைப்படுத்தப்பட்ட பந்தேய் ஸ்ரே. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரச்சிற்பத்துக்கு இணையான நுணுக்கத்தோடு செதுக்கப்பட்ட சிறு கோயில் அது.

இரண்டாம் நாள் முழுவதும் அங்கோர் வாட். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்காக எழுப்பிய இக்கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே விடியலில் கோபுரங்களுக்குப் பின்னிருந்து கதிரவன் எழும். கோயிலை நோக்கி நிற்கையில் இடப்பக்கம் உள்ள குளத்தருகே இடம் பிடியுங்கள். கதிரவன் எழுந்ததும் பெருங்கூட்டம் காலையுணவுக்குக் கலையும். அந்நேரத்தில் நேரே கிழக்குச் சுற்றுமண்டபத்தின் தென்பகுதிக்குச் செல்லுங்கள்: சுவரில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்ட பாற்கடல் கடையும் காட்சி காலை ஒளியில் தெளிவாகத் தெரியும். மேற்குப் பக்கத்தில் குருச்சேத்திரப் போரும் இலங்கைப் போரும் உள்ளன. கதை தெரிந்த நமக்கு வழிகாட்டி அவசியமில்லை, நேரம்தான் அவசியம். படம் எடுப்பவரும் சிற்பத்தை நின்று பார்ப்பவரும் ஒரே வேகத்தில் நடக்க மாட்டார்கள் என்பதால், சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் முன்பே பேசிவைத்துப் பிரிந்து செல்லுங்கள்.

மூன்றாம் நாள் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் எழுப்பிய கோயில்களுக்குரியது: 1186இல் நிறுவப்பட்ட தா ப்ரோம், அதன்பின் அங்கோர் தோம் நகரின் நடுவே உள்ள பாயோன்.

பிற்சேர்க்கை

மேல்தளத்துக்கு ஏற அனுமதி கிடைக்கவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பௌத்தப் புனித நாள்களில் அங்கோர் வாட்டின் பக்கான் எனும் உச்சித்தளம் மூடப்படும். சந்திர நாட்காட்டியைப் பார்த்து இரண்டாம் நாளை முடிவு செய்யுங்கள். தோளும் முழங்காலும் மறையும் ஆடை அங்கே கட்டாயம். தோள்மேல் துண்டு போர்த்திக்கொண்டால் போதும் என்று எண்ண வேண்டாம். மற்றொருவர் கேட்ட கேள்விக்கு: 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களுக்குச் சீட்டு தேவையில்லை, ஆனால் வயதைக் காட்டக் கடவுச்சீட்டு வேண்டும். கிழிந்த டாலர் நோட்டுகளைக் கடைகளில் வாங்க மறுப்பார்கள் என்பதால், பணம் மாற்றும்போதே ஒவ்வொரு நோட்டையும் பார்த்து வாங்குங்கள்.