மெக்கானிக்கல் படித்தவன் சைக்காலஜி முதுகலைக்குத் தயாராவது எப்படி

சொந்த ஊர் பாலக்கோடு, படிப்பு பி.இ. மெக்கானிக்கல். ஓசூர் சிப்காட்டில் குவாலிட்டி செக்‌ஷனில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே எம்.எஸ்ஸி. சைக்காலஜிக்குத் தயாரானேன். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போகப்போற?" என்று கல்யாண வீட்டில் கேட்ட பெரியப்பாவை இன்னும் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு டிகிரி முடித்துவிட்டு இதே யோசனையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

புத்தகம் வாங்கும் முன் ஒவ்வொரு பல்கலைக்கழக அறிவிப்பிலும் தகுதி என்ற பகுதியைப் படியுங்கள். சில இடங்களில் எந்த டிகிரியும் போதும். சில இடங்களில் இளங்கலையிலேயே சைக்காலஜி படித்திருக்க வேண்டும். "வேலையை விடாமல் தபால்ல படிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால், அது பழைய கதை. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர, ஆன்லைன் முறைகளில் நடத்தக்கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. ஆகவே வேலையை விடும் தேதியையும், கையில் இருக்க வேண்டிய பணத்தையும் இப்போதே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று: எம்.எஸ்ஸி. முடித்ததும் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. அதற்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும். எந்தப் படிப்புக்குப் பதிவு கிடைக்கும் என்பது மாறிக்கொண்டு வருவதால், அவர்களுடைய தளத்திலேயே பார்த்துவிடுங்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும், மனநலத்துக்கான தேசிய நிறுவனமான நிம்ஹான்ஸில் படிக்கும் கனவு உண்டு. ஓசூரிலிருந்து பெங்களூரு போகிற ரோட்டிலேயே இருக்கிறது, தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. படிப்படியாகத்தான் போக வேண்டும்.

படிப்பை என்சிஇஆர்டியின் 11, 12-ஆம் வகுப்பு சைக்காலஜி புத்தகங்களில் தொடங்குங்கள். பிடிஎஃப் இலவசம். பள்ளிப் புத்தகம்தானே என்று தள்ளிவிட வேண்டாம், அடித்தளம் முழுக்க அதில் இருக்கிறது. 1879-இல் லைப்சிக்கில் வுண்ட் ஆய்வகம் தொடங்கியது, பாவ்லோவ், ஸ்கின்னர், பியாஜே, எரிக்சன் போன்றவர்களின் கோட்பாடுகள் எல்லாம் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஸ்டாடிஸ்டிக்ஸும் ரிசர்ச் மெத்தட்ஸும்தான். ஆர்ட்ஸ் படித்தவர்கள் இங்கே பயப்படுவார்கள். என்னைப் போன்ற மெக்கானிக்கல்காரர்களுக்கு இது பழகிய இடம். தரம் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் கன்ட்ரோல் சார்ட்டில் மூன்று சிக்மா கோடு போட்டவனுக்கு நார்மல் கர்வ் புதிதா என்ன? ரிலையபிலிட்டி, வேலிடிட்டி இரண்டும் குழப்பினால் நுண்ணிய அளவுகளை அளக்கும் மைக்ரோமீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். எதையும் அளக்காதபோதே 0.02 மி.மீ. கூடுதலாகக் காட்டும் (ஜீரோ எரர்) மைக்ரோமீட்டரில் 20.00 மி.மீ. ஷாஃப்ட்டை எத்தனை முறை அளந்தாலும் 20.02 என்றே காட்டும். ரீடிங் மாறவே இல்லை, ரிலையபிலிட்டி இருக்கிறது. ஆனால் அளவு தப்பு, வேலிடிட்டி இல்லை. மனதை அளக்கும் கேள்வித்தாளுக்கும் இதே சோதனைதான். டி-டெஸ்ட், அனோவா, கை-ஸ்கொயர் என்ற மூன்று புள்ளியியல் சோதனைகளையும் எந்த மாதிரி டேட்டாவுக்கு எது என்று சொல்லத் தெரிகிறவரை விடாதீர்கள். ஜாமோவி என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும்.

புதுச்சேரி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சியுஇடி பிஜி என்ற முதுகலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சரியான விடைக்கு 4, தப்புக்கு 1 மைனஸ். தாள் தமிழில் கிடையாது, அதனால் கலைச்சொற்களை ஆங்கிலத்திலேயே பழகுங்கள்.

நேர்காணலில் "ஏன் மெக்கானிக்கலை விட்டீங்க?" என்று நிச்சயம் கேட்பார்கள். "ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் என்கிட்டதான் கஷ்டத்தைச் சொல்வாங்க" என்ற பதிலை அவர்கள் காது புளிக்கக் கேட்டிருப்பார்கள். உங்கள் பழைய வேலையிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துப் போங்கள். என்னுடையது: நைட் ஷிஃப்ட்டில் விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன் செய்கிற ஆள், நல்ல அனுபவசாலிதான், விரிசலைப் பார்த்துக்கொண்டே எப்படித் தவறவிடுகிறார்? 1948-இல் மேக்வொர்த் என்ற உளவியல் ஆய்வாளர் கடிகார முள் ஒன்றைப் பார்க்கவைத்து, அரை மணி நேரத்திலேயே கவனம் சரிவதைக் காட்டியிருந்தார். அதைத் தேடிப் படித்துவிட்டுப் போனேன். அதன்பின் என் டிகிரியைப் பற்றிக் கேள்வியே வரவில்லை, ஷிஃப்ட்டைப் பற்றித்தான் பேசினோம். பி.காம். படித்தவருக்குக் கடன் வசூல், நர்ஸிங் படித்தவருக்கு வார்டு என்று எல்லாருக்கும் ஒன்று இருக்கும்.

கடைசியாக, சேலம் பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் சேலம் வரை டிக்கெட் எடுக்காதீர்கள். அது ஊருக்கு முன்னாலேயே, பெங்களூரு ரோட்டில் கருப்பூர் பக்கம் இருக்கிறது. எல்லா பஸ்ஸும் நிற்காது, தர்மபுரியில் ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.