பழைய ரைபிளுக்கு உரிய தோட்டா எது? அளந்து கண்டறியும் முறை

தயாரிப்பு நின்றுபோன தோட்டாவைப் பயன்படுத்தும் பழைய ரைபிள் ஒன்று கைக்கு வந்ததும், அதற்கான தோட்டா எங்கே கிடைக்கும் என்றுதான் பெரும்பாலோர் தேடத் தொடங்குகிறார்கள். அதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த ரைபிளின் சேம்பர், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறை, இன்றைய நிலையில் எந்தத் தோட்டாவுக்காகக் குடையப்பட்டிருக்கிறது? குழலின் மேல் பொறித்த பெயரோ, விற்றவர் சொன்ன பெயரோ இதற்குச் சான்றாகாது. சேம்பரை அளந்து பெறும் எண்களே சான்று. அவற்றைப் பெறும் வழியை, இத்துறைக்குப் புதிதாக வருபவருக்காக இங்கே விளக்குகிறேன். துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் உரிய உரிமம் உங்களிடம் இருக்கிறது என்ற எண்ணத்திலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை, ரைபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்வது. மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) அகற்றிவிட்டு, போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் தண்டை) திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்தபின் விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெளிச்சம் தடையின்றித் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகள் மூலையில் கிடந்த துப்பாக்கிகளில் உடைந்த உறையின் (குண்டையும் மருந்தையும் தாங்கும் பித்தளைக் கூட்டின்) முன்பாதி சேம்பரில் ஒட்டிக்கொண்டிருப்பதும், குழலின் நடுவே குண்டு சிக்கியிருப்பதும் உண்டு. வேலை நடக்கும் மேசையில் சுடத்தக்க தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.

பொறிப்புகளைப் படித்தல்

பொறிப்புகளை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றைத் தொடக்கக் குறிப்பாக மட்டுமே கொள்ளுங்கள். இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படுவதற்குக் காரணம், படைகள் தம் ரைபிள்களைப் பலமுறை மாற்றியமைத்தன என்பதே. ஆஸ்திரியாவின் 1895ஆம் ஆண்டு மான்லிஷர் ரைபிள் 8×50 விளிம்புத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது (முதல் எண் குண்டின் தடிமனையும் இரண்டாவது எண் உறையின் நீளத்தையும் ஏறத்தாழ மி.மீ. கணக்கில் சொல்கின்றன; விளிம்பு என்பது உறையின் அடியில் வெளியே துருத்தும் வட்டம்). 1930களில் அவற்றில் மிகப் பல, சற்றுப் பருத்த குண்டு கொண்ட 8×56 விளிம்புத் தோட்டாவுக்கு மாற்றப்பட்டு, ஆஸ்திரியாவில் 'எஸ்' என்றும் ஹங்கேரியில் 'எச்' என்றும் முத்திரை பெற்றன. ஜெர்மனியின் 1888ஆம் ஆண்டு ரைபிளிலும் 'எஸ்' முத்திரையைக் காணலாம்; ஆனால் அங்கே அது 8×57 தோட்டாவின் பிந்தைய, கூர்முனைக் குண்டு கொண்ட வகையைக் குறிக்கிறது. எழுத்து ஒன்றாக இருந்தாலும் தோட்டாக்கள் வேறு. இத்தாலியின் வெட்டர்லி ரைபிளோ, கரிமருந்து (புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து) நிரப்பிய 10.35 மி.மீ. தோட்டாவுக்காகப் பிறந்து, முதல் உலகப் போரின்போது 6.5 மி.மீ. கார்கானோ தோட்டாவுக்கு மாற்றப்பட்டது.

பெயர்களும் இதே அளவு குழப்பம் தருபவை. பிரெஞ்சு லெபல் தோட்டாவும் ஆஸ்திரிய மான்லிஷர் தோட்டாவும் மெட்ரிக் பெயரில் 8×50 விளிம்புத் தோட்டாக்களே. ஆனால் லெபலின் விளிம்பு ஏறத்தாழ 16 மி.மீ., மான்லிஷரின் விளிம்பு ஏறத்தாழ 14 மி.மீ. அமெரிக்க .45-70 என்னும் பெயரில் முதல் எண் அங்குலத்தில் குண்டின் தோராயமான தடிமனையும், இரண்டாவது எண் கிரெயின் என்னும் சிற்றெடைக் கணக்கில் கரிமருந்தின் எடையையும் சொல்கின்றன. .30-06 என்பதில் இரண்டாவது எண் 1906 என்ற ஆண்டு. பிரிட்டனின் .577/450 என்பது, .577 தோட்டாவின் பருத்த உறையைக் கழுத்தில் ஒடுக்கி .450 குண்டைப் பொருத்தியது என்று பொருள்படும். பெயர் வைத்ததில் பொது விதி எதுவும் இல்லாததால், பெயரிலிருந்து அளவைக் கணிக்க முயல வேண்டாம்.

குழலின் அடியில் உள்ள, துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்கும் சோதனைக்கூடங்களின் முத்திரைகளையும் படித்துவிடுங்கள். அந்தக் குழல் கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, புகையற்ற மருந்துக்கும் சோதிக்கப்பட்டதா என்பதைப் பெரும்பாலும் அவையே சொல்லும். கரிமருந்துக் காலக் குழலில் புகையற்ற மருந்துத் தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும். இதில் தளர்வு காட்டவே கூடாது.

குழலின் உள்விட்டம்

ரைபிள் குழலுக்குள் சுழல் பள்ளங்களும் அவற்றுக்கு இடையே மேடுகளும் உள்ளன. மேட்டுக்கு மேடு உள்ள தூரம் ஓர் அளவு. பள்ளத்துக்குப் பள்ளம் உள்ள தூரம் மற்றோர் அளவு. குண்டின் விட்டம் பள்ள அளவை ஒட்டியே அமையும். பிரிட்டிஷ் .303 என்பது மேட்டு அளவு, அதாவது 7.7 மி.மீ.; அதன் குண்டோ .311 அங்குலம், அதாவது 7.9 மி.மீ. பெயரில் உள்ள எண்ணை நம்பிக் குண்டு வாங்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

பள்ள அளவை அறிய, குழலைவிடச் சற்றே பருத்த, கலப்பில்லாத மென்மையான ஈயக் குண்டு ஒன்று வேண்டும். குழலை நன்றாகத் துடைத்து, உள்ளே மெல்லிய எண்ணெய் பூசி, ஈயக் குண்டைக் குழல் வாயில் (குண்டு வெளியேறும் முன்முனையில்) வைத்து மரச் சுத்தியலால் மெதுவாக உள்ளே ஏற்றுங்கள். பிறகு பித்தளைக் கோலால் சீராகத் தள்ளி மறுபக்கம் எடுங்கள். எஃகுக் கோலைத் தவிர்ப்பது நல்லது. அது பள்ளங்களின் முனைகளைத் தேய்த்துவிடும். வெளிவந்த ஈயத்தில் குழலின் பள்ளங்கள் மேடுகளாகப் பதிந்திருக்கும். எதிரெதிரான இரு மேடுகளுக்கு இடையே மைக்ரோமீட்டரால் அளந்தால் பள்ள விட்டம் கிடைக்கும்.

பள்ளங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் இது சிக்கலாகும். லீ-என்ஃபீல்டில் 5 பள்ளங்கள், மார்ட்டினி-ஹென்றியில் 7. இவற்றில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே மேடு இருக்காது என்பதால், சாதாரண மைக்ரோமீட்டர் உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். 'வி' வடிவ அடிப்பகுதி கொண்ட மைக்ரோமீட்டர் வேண்டும். அது இல்லையெனில் கடைசல் பட்டறையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். ஜெர்மானிய 8×57 தோட்டாவின் பழைய வகைக்கும் புதிய வகைக்கும் குண்டு விட்டத்தில் ஏறத்தாழ 0.13 மி.மீ. மட்டுமே வேறுபாடு. பருத்த குண்டை ஒடுங்கிய குழலில் செலுத்தினால் அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும் என்பதால், நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை அளப்பது அவசியம்.

சேம்பரின் வார்ப்பு

இதுவே முழு வேலையின் மையம். இதற்கென்று விற்கப்படும், தாழ்ந்த வெப்பத்தில் உருகும் பிஸ்மத் உலோகக் கலவை ஒன்று உண்டு. 'செரோசேஃப்' என்ற பெயரில் அது அறியப்படுகிறது. 71 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடுவதால், கொதிநீரில் வைத்த சிறு பாத்திரமே அதற்குப் போதும். அதில் ஈயமும் காட்மியமும் கலந்திருப்பதால், சமைக்கும் பாத்திரத்தைத் தொடவே வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு, தேவைக்கு மேல் சூடாக்காமல் வேலை செய்யுங்கள்.

போல்ட்டைக் கழற்றி, சேம்பரில் எண்ணெய்ப் பசையே இல்லாதவாறு துடையுங்கள். குழல் வாய் வழியாகக் கோலில் சுற்றிய துணியைச் செலுத்தி, சேம்பர் முடிந்து பள்ளங்கள் தொடங்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை அப்பால் அடைப்பாக நிறுத்துங்கள். குழல் வாய் கீழ்நோக்க ரைபிளைச் செங்குத்தாக நிறுத்தி, உருகிய உலோகத்தைச் சிறு குழாய் வழியே இடைவிடாமல் ஊற்றுங்கள். விட்டுவிட்டு ஊற்றினால் வார்ப்பில் அடுக்குகள் விழும். சேம்பரின் விளிம்பு வரை மட்டும் நிரப்புங்கள். அதற்கு மேல் வழிந்து இயங்கு பாகங்களுக்குள் புகுந்தால், வார்ப்பு அங்கே பூட்டிக்கொண்டு வெளிவராது.

இந்தக் கலவை உறைந்தபின் முதல் அரை மணி நேரம் சுருங்கும். பிறகு விரியத் தொடங்கி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்கு வரும். அதன் பின்னும் சில நாள்களுக்கு மிக நுண்ணிய அளவில் விரிந்துகொண்டே இருக்கும். ஆகவே சுருங்கியிருக்கும் நேரத்தில் கோலால் மெல்லத் தட்டி வெளியே எடுங்கள். ஒரு மணி நேரம் ஆனதும் அளங்கள். மறுநாள் அளக்கலாம் என்று விட்டுவைத்தால் எண்கள் மாறிவிடும்.

அளக்க வேண்டியவை: விளிம்பு இருந்தால் அதன் விட்டமும் கனமும், உறையின் அடி விட்டம், தோள் (உறை கழுத்தை நோக்கி ஒடுங்கும் பகுதி) தொடங்கும் இடமும் அங்குள்ள விட்டமும், கழுத்தின் விட்டம், கழுத்து முடியும் வரையுள்ள மொத்த நீளம். சேம்பர் எப்போதும் தோட்டாவைவிடச் சற்றுப் பெரிதாகவே குடையப்பட்டிருக்கும். சேற்றிலும் தூசியிலும் தோட்டா தடையின்றி நுழைய வேண்டும் என்பதற்காக, போர்க்காலத்து .303 ரைபிள்களில் இந்த இடைவெளி தாராளமாகவே விடப்பட்டது.

இந்த எண்களை, துப்பாக்கிச் சோதனைக்கான சர்வதேச நிரந்தர ஆணையமான சி.ஐ.பி. வெளியிட்டுள்ள வரைபடங்களோடு ஒப்பிடுங்கள். அடி விட்டமும் விளிம்பும் முதலில் பொருந்த வேண்டும். நீளம் அதற்கு அடுத்தது. ஒப்பிடத் தொடங்குவதற்குச் சில எண்கள்: .303 உறை 56.4 மி.மீ. நீளமும் 13.7 மி.மீ. விளிம்பும் கொண்டது, 1891இல் ரஷ்யாவில் பிறந்து இன்றும் படைகளில் பயன்படும் 7.62×54 உறைக்கு 53.7 மி.மீ. நீளமும் 14.5 மி.மீ. விளிம்பும் உண்டு; .45-70 உறையோ 53.5 மி.மீ. நீளமும் 15.4 மி.மீ. விளிம்பும் கொண்டு, தோள் இல்லாமல் நேராக இருக்கும்.

தோட்டாவைத் தேடும்போது

அடையாளம் உறுதியானபின், அது உண்மையிலேயே வழக்கொழிந்ததுதானா என்று பாருங்கள். .303, .45-70 இரண்டும் இன்றும் தயாராகின்றன. செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் நிறுவனம் 8×56 விளிம்புத் தோட்டா போன்ற பழைய படைத் தோட்டாக்களைத் தயாரித்துவருகிறது.

பழைய இருப்பு கிடைத்தால், சுடுவதற்கு முன் உறைகளின் கழுத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். சூடாக்காமல் அழுத்தி வடிவமைத்ததால் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும் பித்தளை, அம்மோனியா பட்டால் தானாகவே நெடுக விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியப் படையில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் இப்படி விரிந்துபோனதைக் கண்டார்கள்; குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவே காரணம் என்பது 1921இல்தான் விளங்கியது. விரிசல் உள்ளதைச் சுடக் கூடாது. பழைய பிரைமர்களில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகளில்) இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்டபின் ஈரத்தை இழுக்கும் உப்பாகக் குழலில் படியும்; எண்ணெய் அதை நீக்காது. அன்றே குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெய் பூச வேண்டும்.

எங்கும் கிடைக்காவிட்டால், உரிமம் பெற்ற தோட்டா வினைஞரிடம் வார்ப்பையும் ஈயக் குண்டையும் அளவுக் குறிப்போடு சேர்த்துக் கொடுங்கள். அடிப்பகுதி ஒத்த வேறோர் உறையிலிருந்து தேவையான வடிவத்தை உருவாக்க முடியுமா என்பதை அவரே தீர்மானிப்பார். மருந்தின் வகையையும் எடையையும் அழுத்தச் சோதனை செய்து வெளியிடப்பட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும் என்று அவரிடம் வற்புறுத்துங்கள். முதன்முறை சுடுவதற்கு முன், போல்ட்டுக்கும் சேம்பருக்கும் உள்ள இடைவெளியையும் அவரையே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.