கம்பனி லொறியைக் குறை சொல்லும்போது விடுகிற பிழைகள்

"வண்டி இழுக்குதில்ல முதலாளி."

அக்கரைப்பற்று அரிசி ஆலை வாசலிலும் வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்திலும் அடிக்கடி காதில் விழுகிற முறைப்பாடு இது. இதைக் கேட்டு எந்த முதலாளியும் லொறியைக் கராஜுக்கு அனுப்பமாட்டார். "போன மாசம்தானே சேவிஸ் பண்ணின" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சாரதி சொல்வது உண்மைதான், ஆனால் சொன்ன விதத்தில் கராஜ்காரருக்குப் பிடிமானம் எதுவும் இல்லை.

"இழுக்குதில்ல" என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வருத்தங்கள் இருக்கலாம். ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. இரைச்சல் அமுங்கிக் கரும்புகை தள்ளினால் முதலில் பார்க்க வேண்டியது எயார் பில்டர். பெரும்போக அறுவடைக் காலத்தில் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) போய் நெல் ஏற்றும் லொறிகளுக்கு, தூசும் உமியும் அடைத்து இது அடிக்கடி வரும். இரைச்சலும் அமுங்கி, புகையும் இல்லாவிட்டால் டீசல் பில்டரையும் டீசல் குழாயையும் பாருங்கள். எந்தக் கியரில், எவ்வளவு பாரத்தோடு, எத்தனை கிலோமீற்றர் ஓடிய பிறகு என்பதையும் சேர்த்துச் சொன்னால் கராஜில் அரை நாள் மிச்சம்.

தட்டை நிலத்தில் ஓட்டிவிட்டு நல்ல லொறி என்பது

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, வாழைச்சேனை, பொலன்னறுவை வரை வீதி பெரும்பாலும் தட்டை. அங்கே பிறேக் பாதி வேலை செய்தாலும் லொறி நல்ல பிள்ளைதான். அதே லொறியைப் பதுளை–செங்கலடி வீதியில் லுணுகலைப் பக்கமோ, மகியங்கனைக்குப் போகும் 18 வளைவிலோ இறக்கிப் பார்த்தால்தான் குணம் தெரியும். நம் பக்கத்து நெல்லும் அரிசியும் மலை ஏறிப் போகின்றன, மரக்கறியும் சீமெந்தும் மலை இறங்கி வருகின்றன. ஆகவே பிறேக்கின் சோதனை திரும்பிவரும் நடையில்தான். லொறியைப் பற்றி அபிப்பிராயம் சொல்பவர் எந்த வீதியில், என்ன பாரத்தோடு ஓட்டினார் என்பதை முதலில் கேளுங்கள்.

தட்டை நிலத்தில் ஓடுபவர்கள் சொல்லாமல் விடுவது எக்சோஸ்ட் பிறேக், அதாவது புகைக்குழாயை அடைத்து எஞ்சினாலேயே லொறியைப் பிடிக்கும் பிறேக். கால் பிறேக்கே போதும் என்பதால் அது செத்துக் கிடப்பது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. வெறுமையான வீதியில் 40 கிலோமீற்றர் வேகத்தில் சுவிட்சைப் போட்டு அக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். புகைக்குழாய்ச் சத்தம் மாறி லொறி பின்னுக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் குழாய்க்குள் இருக்கும் தகடு கரி பிடித்து இறுகியிருக்கும், அல்லது காற்றுக் குழாய் கசியும், அல்லது பெடலில் உள்ள சிறிய சுவிட்ச் பழுது. இது இல்லாமல் நீண்ட இறக்கத்தில் காலாலேயே பிடித்துக்கொண்டு வந்தால் பிறேக் லைனிங் சூடேறிக் கருகும் மணம் வரும். அதன் பிறகு பெடலை எவ்வளவு மிதித்தாலும் பிடிப்பு இருக்காது.

"பிறேக் கொஞ்சம் குறைவு" என்று எழுதுவது

கொஞ்சம் என்றால் எவ்வளவு? எயார் பிறேக் லொறி என்றால் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். காற்று நிறைந்து 'புஸ்' என்று வெளியேறும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துங்கள். ஹேண்ட் பிறேக்கை விடுவித்து, கால் பிறேக்கை நன்றாக மிதித்தபடி ஒரு நிமிடம் காற்று மானியைப் பாருங்கள். 3 பிஎஸ்ஐக்கு (காற்றழுத்த அளவு) மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது, மூட்டுகளில் சவர்க்கார நுரை தடவிக் கண்டுபிடிக்கலாம். அடுத்து எஞ்சினைப் போடாமல் சாவியை மட்டும் திருப்பி, பெடலைத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். காற்று 60 பிஎஸ்ஐக்கு இறங்குமுன் எச்சரிக்கை லைட் எரிய வேண்டும் அல்லது பஸர் கத்த வேண்டும். வேலை முடிந்ததும் காற்றுத் தாங்கியின் அடிவல்வைத் திறந்து தண்ணீரை வடியவிடுங்கள். தண்ணீரோடு எண்ணெயும் நிறைய வந்தால் காற்றை அமுக்கும் கொம்பிரசரின் ரிங் தேய்ந்துவிட்டது.

சின்ன லொறிகள் பலவற்றில் பிறேக் காற்றில் அல்ல, ஒயிலில்தான். பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்லக் கீழே போனால், வெளியில் கசிவு தெரியாவிட்டாலும் பெடலிலிருந்து ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

டீசல் கணக்கால் சாரதியை எடைபோடுவது

இது கம்பனிகள் விடும் பிழை. சாரதி என்ன சொன்னாலும் மனேஜரின் கண் டீசல் பில்லில்தான். பொலன்னறுவைக்கு ஓடுபவரையும் பதுளைக்கு ஓடுபவரையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். டாங்கியை நிரப்பி மீற்றரைக் குறியுங்கள், நடை முடிந்து வந்து அதே பம்பில் மறுபடி நிரப்புங்கள். உதாரணத்துக்கு 630 கிலோமீற்றருக்கு 140 லீற்றர் போனால் லீற்றருக்கு 4.5 கிலோமீற்றர். ஒரே வீதியில், ஒரே அளவு பாரத்தோடு மூன்று நடையாவது இப்படிப் பார்க்காமல் யாரிடமும் கணக்குக் கேட்கக்கூடாது. கொழும்பில் இறக்குவதற்காக எஞ்சினை நிறுத்தாமல் காத்திருந்த நேரத்தையும் எழுத வேண்டும், மணிக்கு ஒன்றிரண்டு லீற்றர் அப்படியே போகும். பாரமும் சும்மா இல்லை. 65 கிலோ மூடை 150 என்றால் 9,750 கிலோ. வெட்டு மெசினிலிருந்து ஈரத்தோடு வந்த நெல் மூடை 70 கிலோ நின்றால் அதே 150 மூடை 10,500.

சாரதிகளும் டீசலை வீணாக்கும் ஒரு காரியம் செய்கிறார்கள். "இந்த வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு?" என்று, எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் அந்த வல்வைக் கழற்றி எறிவது. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராது, டீசல் கூடும், தேய்மானமும் கூடும். சூடேறினால் பார்க்க வேண்டியது றேடியேற்றரில் படிந்த உமியையும் பெல்ட்டையும்.

ரயர்

ரீபில்ட் ரயரை (தேய்ந்ததற்கு மேல் புது ரப்பர் ஒட்டியது) முன்சில்லுக்குப் போட வேண்டாம். பின்னால் இரட்டைச் சில்லில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்றால் பெரியதே பாரத்தைச் சுமந்து சூடாகி வெடிக்கும். மத்தியானச் சூட்டில் காற்று கூடிவிட்டது என்று திறந்துவிடாதீர்கள், காற்றுப் பார்ப்பது காலையில், ரயர் குளிர்ந்திருக்கும்போது. சில்லுக் கழற்றிப் பூட்டினால் 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். கல்முனையில் பூட்டினால் வாழைச்சேனையில் ஒரு தடவை இறங்குங்கள். நட்டைச் சுற்றித் துருக்கோடு தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

ரயர் வெடித்தால் சம்பளத்தில் வெட்டும் கம்பனிக்கு ரயரைப் பற்றிய உண்மை ஒருநாளும் வந்து சேராது. வெட்டுக் காயத்தைச் சேறு பூசி மறைப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வது

சீட் பஞ்சு போய்விட்டது, கண்ணாடி இறங்குதில்லை, ஸ்டியரிங் ஆடுது என்று வரிசையாகச் சொன்னால் முதலாளிக்கு முதலாவது மட்டும் காதில் விழும், "சொகுசு கேக்கிறான்" என்று சிரிப்பார். ஸ்டியரிங்தான் முதலில் வர வேண்டும். எஞ்சின் ஓடும்போது, முன்சில்லு அசையாமல் ஸ்டியரிங் வளையத்தின் விளிம்பு இரண்டு அங்குலத்துக்கு மேல் சும்மா திரும்பினால் அந்த லொறி பாரம் ஏற்றக்கூடாது. அதற்காகச் சீட்டைச் சின்ன விசயமாக விடவும் முடியாது. பஞ்சும், எஞ்சின் மூடிக்கு அடியில் கிழிந்த வெப்பத் தடுப்புமெத்தையும் மலிவான வேலைகள், அவற்றைத் தனித்தாளில் எழுதுங்கள்.

மீன் லொறிக்காரருக்கு இன்னொன்று. ஐஸ் உருகி வடியும் உப்புத்தண்ணீர் பின்சட்டத்தையும் பிறேக் குழாயையும் அரிக்கும். பெட்டியை மட்டும் கழுவாமல் அடிப்பக்கத்துக்கும் நல்ல தண்ணீர் அடியுங்கள்.

முறைப்பாட்டைக் கார்பன் வைத்த கொப்பியில் எழுதி, மேல்தாளைக் கம்பனிக்குக் கொடுத்து, அடித்தாளை வண்டியில் வையுங்கள். டீசல் பில்லைக் கிடைத்த கையோடு போனில் படம் எடுங்கள். டாஷ்போர்ட் வெயிலில் கிடந்தால் பில்லில் உள்ள எழுத்து நடை முடிவதற்குள் மங்கிவிடும்.