‘ஏஎம்’மோடு நின்றுவிட்டவர்கள் ‘தி கார்’ கேட்பது எப்படி?

நான் கிட்டார் சொல்லித் தருகிறவன். வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் கேட்பது ஆர்க்டிக் மங்கீஸ் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்டின் ‘டூ ஐ வானா நோ’ ரிஃப்தான், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துணுக்கு. நல்ல தேர்வுதான். ஜி மைனர், நிமிடத்துக்கு 85 பீட், விரல் பழகாதவன் வாசித்தாலும் கொஞ்சம் கெத்தாகவே கேட்கும். அந்தப் பாட்டு இருக்கும் ‘ஏஎம்’ ஆல்பத்தை முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு அடுத்த ஆல்பங்களைத் தேடிப் போவார்கள். மறுவாரம் வந்து, “என்ன சார், பியானோவும் வயலினுமா இருக்கு? கிட்டாரே காணோம். ஆளே மாறிட்டாங்களா?” என்பார்கள்.

ஆள் மாறவில்லை. பாடுகிற அலெக்ஸ் டர்னர், கிட்டார் ஜேமி குக், டிரம்ஸ் மேட் ஹெல்டர்ஸ், பேஸ் கிட்டார் நிக் ஓ’மாலி என்று 2006இல் நின்ற அதே நால்வர்தான் 2022இல் ‘தி கார்’ ஆல்பத்திலும் இருக்கிறார்கள். தயாரிப்பாளர் ஜேம்ஸ் ஃபோர்டும் 2007இலிருந்து எல்லா ஆல்பத்திலும் ஏதோ ஒரு வகையில் கூடவே இருக்கிறார். ஆள் அதே, இசை வேறு என்றால் மாற்றம் எங்கே ஆரம்பித்தது என்று தேட வேண்டும். ‘ஏஎம்’ வந்த 2013க்கும் அதற்கடுத்த ஆல்பம் வந்த 2018க்கும் நடுவில் திடீரென்று நடந்துவிட்டதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அது இரண்டாவது ஆல்பத்திலேயே கேட்கிறது. அதனால் ‘ஏஎம்’ முடிந்த கையோடு ‘தி கார்’ போடாதீர்கள். நான் சொல்லும் வரிசையில் வாருங்கள்.

முதலில் ‘505’. 2007இல் வந்த ‘ஃபேவரிட் வொர்ஸ்ட் நைட்மேர்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. அதே ஆல்பம் ‘பிரையன்ஸ்டார்ம்’ என்ற பாட்டோடு துவங்கும். அதில் ஹெல்டர்ஸ் டிரம்ஸை உடைப்பதுபோல் அடிப்பார். அந்த ஆல்பத்தை ஆர்கன் சத்தத்தோடு, அவசரமே இல்லாமல் முடித்திருக்கிறார்கள். டி மைனர், ஈ மைனர் என்று பாட்டு முழுக்க இரண்டே கார்ட்ஸ். நாலு நிமிடமும் அதே இரண்டுக்குள் சுற்றிக்கொண்டு, மெல்ல மெல்ல ஏற்றி, கடைசியில்தான் வெடிக்க விடுகிறார்கள். வெடிக்கும் இடத்தில் கிட்டார் வாசிப்பது மைல்ஸ் கேன் என்ற நண்பர். இவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வருகிறார்.

2008இல் டர்னரும் மைல்ஸ் கேனும் ‘தி லாஸ்ட் ஷேடோ பப்பெட்ஸ்’ என்ற பெயரில் ஓர் ஆல்பம் போட்டார்கள். பெயர் ‘தி ஏஜ் ஆஃப் தி அண்டர்ஸ்டேட்மென்ட்’. 60களின் பாப் பாட்டுகளின் சாயலில், வயலின், செல்லோ என்று பெரிய ஸ்ட்ரிங்ஸ் குழுவை வைத்துக்கொண்டு செய்தது. ஸ்ட்ரிங்ஸ் எழுதியவர் ஓவன் பாலெட். டிரம்ஸ் வாசித்தது வேறு யாரும் இல்லை, நம் ஜேம்ஸ் ஃபோர்டேதான். டர்னருக்கு அப்போது 22 வயது. ‘தி கார்’ கேட்டுவிட்டு “வயலின் எங்கிருந்து வந்தது?” என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்த ஆல்பம்தான். தலைப்புப் பாட்டை மட்டுமாவது கேட்டுவிட்டு மேலே வாருங்கள்.

அடுத்தது ‘ஹம்பக்’, 2009. இங்கே கொஞ்சம் உட்கார வேண்டும். 2006இல் இவர்களுடைய முதல் ஆல்பம் வெளியான வாரத்திலேயே பிரிட்டனில் மூன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. ஒரு பேண்டின் முதல் ஆல்பம் அவ்வளவு வேகமாக அங்கே விற்றது அதுதான் முதல்முறை. அந்தப் பையன்கள் சொந்த ஊரான ஷெஃபீல்டை விட்டுக் கிளம்பி அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்துக்குப் போய், ஜோஷுவா ட்ரீ பக்கம் இருக்கும் ராஞ்சோ டி லா லூனா ஸ்டூடியோவில் ‘குயின்ஸ் ஆஃப் தி ஸ்டோன் ஏஜ்’ பேண்டின் ஜாஷ் ஹோமியோடு உட்கார்ந்து செய்தது இந்த ஆல்பத்தின் பெரும் பகுதி. வேகம் குறைந்தது. கிட்டார் கனத்தது. டர்னரின் குரல் ஒரு படி கீழே இறங்கி நிதானமானது. அன்றைக்கும் பழைய ரசிகர்கள் இப்போது என் மாணவர்கள் சொல்வதைத்தான் சொன்னார்கள்: கெட்டுப்போய்விட்டார்கள் என்று. ‘மை ப்ரொபெல்லர்’, ‘கார்னர்ஸ்டோன்’ இரண்டும் போதும். ‘கார்னர்ஸ்டோன்’ பாட்டில் காதலியைத் தேடிப் பப் பப்பாக அலைபவன் அவளைப் போல இருக்கும் பெண்களிடம் வழிகிறான். கதை சொல்லிக்கொண்டே பாடும் இந்த டர்னர்தான் பின்னால் பியானோ முன் போய் உட்கார்ந்தவர் என்று நான் நம்புகிறேன். ‘ஏஎம்’ கூட இந்தப் பாலைவனம் இல்லாமல் வந்திருக்காது.

2011இல் வந்த ‘சக் இட் அண்ட் சீ’யை இப்போதைக்கு விட்டுவிடலாம். நல்ல பாட்டுகள் உண்டு, ஆனால் நாம் போகிற வழிக்கு அதிகம் உதவாது.

சரி, ‘ஏஎம்’முக்கு வருவோம். உங்களுக்குத் தெரிந்த ஆல்பம்தான், ஆனால் ரிஃப்பை மறந்துவிட்டு இரண்டு பாட்டு கேளுங்கள். ‘நம்பர் 1 பார்ட்டி ஆந்தம்’: பெயரைப் பார்த்து ஆட்டம் போட வைக்கும் பாட்டு என்று நினைத்தால் ஏமாற்றம்தான், இது நடுராத்திரியில் தளர்ந்து போனவனின் மெதுவான பாட்டு. ‘ஐ வானா பி யுவர்ஸ்’: ஜான் கூப்பர் கிளார்க் என்ற சால்ஃபோர்டுக் கவிஞரின் கவிதையை எடுத்து, டிரம் மெஷின் தட்டலோடு தாலாட்டுப்போல் பாடியது. உங்களில் பலர் இந்த பேண்டுக்குள் வந்ததே இந்தப் பாட்டு வழியாகத்தான் இருக்கும். இதில் எந்த பெரிய ரிஃப்பைக் கேட்டு மயங்கினீர்கள்?

இனி 2018. ‘ட்ராங்க்விலிட்டி பேஸ் ஹோட்டல் அண்ட் கசீனோ’. டர்னரின் 30ஆம் பிறந்தநாளுக்கு அவருடைய மேனேஜர் ஒரு ஸ்டெய்ன்வே வெர்ட்டிகிராண்ட் பியானோவைப் பரிசளித்தார். லாஸ் ஏஞ்சலஸ் வீட்டில் அதன் முன் உட்கார்ந்து, பழைய டேஸ்காம் 8 டிராக் ரெக்கார்டரில் பதியத் துவங்கியவைதான் இந்த ஆல்பத்தின் பாட்டுகள். இது கிட்டார்க்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய இடம். கிட்டாரில் எழுதும்போது கை தானாகத் தெரிந்த வடிவங்களுக்கே போகும்; பவர் கார்ட் பிடித்துப் பழகிய கை அங்கேயேதான் ஓடும். பியானோவில் பத்து விரலும் வேறு வேறு இடத்தில் உட்காரும், ஒவ்வொரு கார்டிலும் கூடுதலாக ஒரு சுரம் ஒட்டிக்கொள்ளும், அடிப்பக்கம் தனியாக நகரும். மெட்டும் அதற்கேற்ப வளைந்து வளைந்துதான் போகும். நம்பிக்கை இல்லையென்றால் உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு கிட்டார் பாட்டைக் கீபோர்டில் தேடிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் அது வேறு பாட்டாக மாறத் துவங்கும்.

இந்த ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கேட்காதீர்கள். ‘ஸ்டார் ட்ரீட்மென்ட்’ ஏறக்குறைய ஆறு நிமிடம். எடுத்த எடுப்பில் தான் ஸ்ட்ரோக்ஸ் பேண்டில் ஒருவனாக இருக்க ஆசைப்பட்டதாகச் சொல்லிவிட்டு எங்கெங்கோ போகும். அழகான பாட்டு, ஆனால் வாசலில் வைக்கிற பாட்டு இல்லை. ‘ஃபோர் அவுட் ஆஃப் ஃபைவ்’ போடுங்கள். நிலாவில் ஒரு ஹோட்டல், அதன் மொட்டை மாடியில் ஒரு டாக்கோ கடை, அந்தக் கடைக்கு விமர்சகர்கள் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று விளம்பரக்காரன்போலப் பாடுகிறார். இதில் கிட்டார் ரிஃப்பும் இருக்கிறது, சிரிப்பும் இருக்கிறது. அடுத்து ‘ஒன் பாயின்ட் பெர்ஸ்பெக்டிவ்’, விட்டு விட்டுத் தட்டும் பியானோவுக்காக. அதற்கப்புறம் ‘ஸ்டார் ட்ரீட்மென்ட்’டுக்குத் திரும்பலாம். ஆல்பத்தின் பெயர் 1969இல் அப்போலோ 11 இறங்கிய இடத்தின் பெயர் என்பது தெரிந்தால் நிலா விஷயம் புதிராக இருக்காது. என் சொந்தக் கருத்து: இந்த ஆல்பத்தின் பிற்பாதி கொஞ்சம் தொய்கிறது. ஒரே ஆள் தனி அறையில் பேசிக்கொண்டே இருப்பது மாதிரி இருக்கும். முழுவதும் பிடிக்கவில்லை என்றாலும் கவலைப்படாமல் மேலே போங்கள்.

‘தி கார்’ போடுவதற்கு முன் கருவி பற்றி ஒரு வார்த்தை. ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ‘ஏஎம்’ ரிஃப் எந்த ஓட்டை ஸ்பீக்கரிலும் தப்பித்துவிடும். ‘தி கார்’ தப்பிக்காது. ஓ’மாலியின் பேஸ் கிட்டார்தான் பாதிப் பாட்டுகளை நடத்திக்கொண்டு போகிறது. அது காதில் விழாவிட்டால் மேலே மிதக்கும் குரலும் வயலினும் மட்டும் மிஞ்சி, ‘போர்’ என்று சொல்லத் தோன்றும். விலை உயர்ந்த ஹெட்ஃபோன் தேவையில்லை. காதில் சரியாகப் பொருந்தும் சாதாரண வயர் இயர்ஃபோன் போதும். பஸ்ஸில் வேண்டாம்.

ஆல்பம் 37 நிமிடம்தான், 10 பாட்டு. இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் இருக்கும் பட்லி ப்ரையரி என்ற பழைய மடத்தில் துவங்கி, பாரிஸ் அருகே லா ஃப்ரெட், லண்டனில் ராக் ஸ்டூடியோ என்று பதிவு செய்திருக்கிறார்கள். முதல்முறை கேட்கும்போது டிரம்ஸை மட்டும் கேளுங்கள். வேறு எதையும் தேடாதீர்கள், தொடையில் தட்டிக்கொண்டே போங்கள். ‘பிரையன்ஸ்டார்ம்’ அடித்த அதே ஹெல்டர்ஸ் இங்கே எத்தனை இடங்களில் அடிக்காமல் இருக்கிறார் என்பது தெரியவரும். அடிக்க முடிந்தவர் அடிக்காமல் இருப்பதைக் கேட்கப் பழகிவிட்டால் இந்த ஆல்பம் பாதி திறந்த மாதிரி.

அடுத்த முறை குரல். ஒரு சோதனை செய்து பாருங்கள். 2006இன் ‘ஐ பெட் யூ லுக் குட் ஆன் தி டான்ஸ்ஃப்ளோர்’ பாட்டைக் கூடவே பாடுங்கள். மூச்சு வாங்கும், ஒரு வரிக்குள் அத்தனை வார்த்தை திணித்திருக்கிறார். அப்படியே ‘தேர்ட் பெட்டர் பி எ மிரர்பால்’ பாடுங்கள். வாத்தியங்கள் நிதானமாக முன்னிசை வாசித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாட ஆரம்பித்த பிறகு ஒவ்வொரு வார்த்தையையும் இழுத்துப் பிடிக்க வேண்டும். அதற்கும் மூச்சு வாங்கும், ஆனால் வேறு மாதிரி.

மூன்றாவது முறைதான் கிட்டார். இருக்கிறது, இடம்தான் மாறியிருக்கிறது. ‘ஐ எய்ன்ட் கொய்ட் வேர் ஐ திங்க் ஐ ஆம்’ பாட்டில் வா-வா பெடல் போட்ட கிட்டார், ஃபங்க் பாணியில், குரல் ஓய்கிற இடங்களில் பதில் சொல்லிக்கொண்டே வரும். ‘ஸ்கல்ப்சர்ஸ் ஆஃப் எனிதிங் கோஸ்’ பாட்டில் சின்தசைசரும் டிரம் மெஷினும்தான் ராஜா. அதில் ஒரு வரி உண்டு, உன் கொடூரமான புதிய இசையால் எங்களுக்கு உன்னோடு இருந்த ஒட்டுதலையே உடைக்கிறாய் என்கிற மாதிரி. அதாவது “ஆளே மாறிட்டாங்களா” என்று நீங்கள் கேட்பது டர்னருக்கு ஏற்கெனவே கேட்டுவிட்டது. அதையே பாட்டுக்குள் போட்டுக் கேலி செய்துவிட்டார்.

‘பாடி பெயின்ட்’டைத் தனியாக எடுத்துவைத்துக் கேளுங்கள். கள்ளக்குரலில் மென்மையாகத் துவங்கும், நடுவில் ஸ்ட்ரிங்ஸ் சேரும், கடைசியில் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் உள்ளே வந்து வயலின்களோடு மோதும். ‘505’ நினைவுக்கு வருகிறதா? அதே பொறுமை, அதே ஏற்றம். பதினைந்து வருஷ இடைவெளி.

வரிகளைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: முதல் ஆல்பத்தில் கிளப் வாசலில் மிரட்டும் காவலாளி, டாக்சிக்குள் அடைபட்ட நண்பர்கள் என்று ஷெஃபீல்டு சனிக்கிழமை இரவு அப்படியே இருந்தது. இப்போது புரியவில்லை என்பது நியாயமான புகார்தான். வரி வரியாக அர்த்தம் தேடாதீர்கள். ஒவ்வொரு பாட்டிலும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணாடித் துண்டு பதித்த டிஸ்கோ பந்து, உடம்பில் மிச்சமிருக்கும் பெயின்ட் என்று. அதைச் சுற்றி யாரோ யாரிடமோ விடைபெறுவது புரிந்தால் போதும்.

இத்தனைக்கும் பிறகு பழசும் புதுசும் உங்கள் காதில் ஒட்டவில்லை என்றால், மேடைப் பதிவுகளுக்குப் போங்கள். 2018 ஜூனில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் வாசித்ததை 2020 டிசம்பரில் ஆல்பமாக வெளியிட்டார்கள். வருமானம் வார் சைல்ட் என்ற தொண்டு நிறுவனத்துக்கு. நிலா ஹோட்டல் பாட்டுகளும் ‘ஏஎம்’ பாட்டுகளும் அடுத்தடுத்து வருகின்றன. 2023 கிளாஸ்டன்பரியில் இன்னும் துணிச்சல்: ‘ஸ்கல்ப்சர்ஸ்’ பாட்டோடு துவங்கிவிட்டு, அது முடிந்த உடனே ‘பிரையன்ஸ்டார்ம்’. அந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் ஹெல்டர்ஸின் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

“சரி சார், இதில் வாசிக்க என்ன இருக்கு?” என்பவர்களுக்கு ‘பாடி பெயின்ட்’டின் கடைசிப் பகுதி. ஆம்ப் இருந்தால் டிஸ்டார்ஷனைப் பாதிக்கு மேல் ஏற்றாதீர்கள். முதலில் மெட்ரோனோம் வைத்து மெதுவாக, சத்தமில்லாத தோனில் பழகுங்கள். வா-வா பெடல் கையில் இருக்கிறவர்கள் ‘ஐ எய்ன்ட் கொய்ட்’ முயலலாம், ஆனால் அதற்கு முன் வலது கை பதினாறாம் சுரங்களைத் தடுமாறாமல் தேய்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அது வராதவர்கள் இன்னும் ஒரு மாதம் ‘டூ ஐ வானா நோ’வையே வாசியுங்கள்.