கொங்குப் பக்கம் ஆட்களைப் படம் எடுக்கும்போது நடக்கும் தவறுகள்

கேமராவோடு வருகிறவர்கள் இங்கே அதிகம் செய்யும் தவறு, மரியாதையைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது. "ஏனுங்க, ஒரு படம் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டால் முகத்துக்கு நேராக 'வேண்டாம்' என்கிறவர்கள் குறைவு. "நம்மள எதுக்குங்க எடுத்துக்கிட்டு" என்று சிரிப்பார்கள். "தண்ணி குடிக்கறீங்களா" என்று பேச்சைத் திருப்புவார்கள். அதெல்லாம் மறுப்புதான். பிடித்திருந்தால் "இருங்க, சட்டைய மாத்திக்கிட்டு வந்தர்றேன்" என்பார்கள். மாற்றிக்கொண்டு வரட்டும். அழுக்கு வேட்டிதான் படத்துக்கு எடுப்பு என்று தடுக்காதீர்கள்.

வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரத்தில், சித்திரையில் மாரியம்மன் கோயில் திருவிழாவை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் காளைகளைப் பார்த்ததும் கை தானாக கேமராவுக்குப் போகும். மாட்டுக்காரரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். கண்ணு பட்டுவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஃபிளாஷ் போட்டால் காளை மிரளும், அடிபடுவது பக்கத்தில் நிற்பவர். அதைவிட முக்கியம், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக் கூடாது என்றுதான் அந்தத் துண்டே. அங்கே போய் லென்ஸை நீட்டினால் தரகருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? பேரம் முடியட்டும். காளையை வாங்கியவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கேளுங்கள், பெரும்பாலும் அவரே மீசையை முறுக்கிவிட்டுக் காட்டுவார்.

பவானியில் ஜமக்காளம் நெய்யும் குழித்தறி பல இடங்களில் வீட்டுக்குள்தான் இருக்கும். திறந்த கதவை அனுமதி என்று நினைத்து நுழையக் கூடாது. அகலமான ஜமக்காளத்தை இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்வார்கள். ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் காட்டி "அண்ணா, இதை இன்னொரு தடவை போடுங்க" என்று ஒருவரை நிறுத்தினால் மற்றவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நெய்த அளவுக்குத்தான் கூலி. வேலையின் போக்கிலேயே எடுங்கள். கையில் காசைத் திணிப்பதைவிட ஒரு ஜமக்காளம் வாங்கிக்கொள்வது எவ்வளவோ மேல்.

அதே ஊரில் ஆறுகள் சேரும் கூடுதுறையில் தர்ப்பணம் கொடுப்பவர்களும் ஈரச் சேலையோடு கரையேறும் பெண்களும் இருப்பார்கள். அங்கே கேமரா பைக்குள் இருக்கட்டும். பங்குனியில் பண்ணாரி மாரியம்மன் கோயிலில் நடக்கும் குண்டத்துக்கும், அதாவது தீமிதிக்கும், இதுவேதான். அருள் வந்து ஆடுகிறவரிடம் யாரும் சம்மதம் கேட்க முடியாது, அதனால் அவர் முகத்தைக் குளோசப்பில் பிடிப்பதும் சரியில்லை. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொல்லி 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது.

குழந்தைகள் என்றால் அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுத்தான். பள்ளிச் சீருடை தெரிகிற படத்தை இணையத்தில் போடவே வேண்டாம்.

அப்புறம், "வாட்ஸ்அப்ல அனுப்பறேனுங்க" என்று சொல்லிவிட்டு மறப்பது. பெரியவர்கள் பலரிடம் அந்த மாதிரி போன் இருக்காது. ஈரோட்டிலோ கோபியிலோ ஒரு ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு, ஊருக்குக் கிளம்பும் முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.