ஏரி வழக்கு எடுக்கும் ஜூனியருக்கு

கருப்புக் கோட்டு, கரைவேட்டி இரண்டையும் கட்டிப் பார்த்தவன் நான். ஆலைக் கழிவுநீர் ஏரியில் கலக்கிறது என்று வழக்குப் போட வரும் ஜூனியர்கள், "சார், எந்த செக்‌ஷன்ல போடறது?" என்பார்கள். "நாத்தம் என்னைக்கு ஆரம்பிச்சுது?" என்று நான் கேட்பேன்.

கெடு அந்த நாளிலிருந்துதான் ஓடும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010, பிரிவு 14: வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். என் முதல் மனுவில், "பல வருடங்களாகக் கழிவுநீர் விடுகிறார்கள்" என்று ஆவேசமாக எழுதினேன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வரியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். கெடு தாண்டிவிட்டது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. மனு போச்சு. இழப்பீடு கேட்டிருந்தால் பிரிவு 15இல் 5 வருடம் கிடைத்திருக்கும். எனக்கு அன்று தெரியாது.

அடுத்தது பாட்டில். நம்மிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர் கறுப்புத் தண்ணீரைப் பிடித்து வருவார். வாங்கி வையுங்கள், மனசு நோகடிக்காதீர்கள். ஆனால் அதை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். நீர்ச் சட்டம் 1974, பிரிவு 21இன்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர் எதிரிலேயே மாதிரியை இரண்டாகப் பிரித்து சீல் வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆகவே எழுத்தில் புகார் கொடுத்து அதிகாரியை வரவழையுங்கள். பிறகு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஆய்வறிக்கையையும், ஆலைக்கு வாரியம் கொடுத்த அனுமதியான இசைவாணையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர் விடலாம் என்று இசைவாணையில் இருக்கும். மனுவின் உயிர் அந்த எண்தான்.

முன்தீர்ப்புக்கு அலைய வேண்டாம். பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகள் பற்றிய 1996 வேலூர் தீர்ப்பைப் படியுங்கள். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் சொல்லியிருக்கிறது.

தேர்தலில் நிற்பதும் தப்பில்லை. ஒன்றியக் கவுன்சிலராக ஜெயித்த மறுநாளே, ஓர் ஆலை வழக்கின் வக்காலத்தை நண்பருக்கு மாற்றிக் கொடுத்தேன். இல்லையென்றால் கட்சி வழக்கு என்று பேர் வந்துவிடும். நான் போய் உட்கார்ந்தது கிராம சபையில். ஒரு மே 1 அன்று ஆலைக்கு எதிராகத் தீர்மானம் போட்டோம். மினிட் புத்தகத்தை வாங்கிப் பார்த்தால், "குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரே வரி. ஆலைப் பேர், சர்வே எண், தேதி மூன்றையும் எழுதவைத்த பிறகுதான் ஜனங்களைக் கையெழுத்துப் போடவிட்டேன். அன்றைக்குச் சாப்பிட மூன்று மணி.